கரைக்குப் பின்னால் – 7: தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலில் வந்தவர்கள். அதனால்தான் அவர்களுடைய எழுத்தில் குடாவின் ஆழம் வருகிறது, கோட்டை வருகிறது, நங்கூரமிட எத்தனை கப்பலுக்கு இடமிருக்கிறது என்ற கணக்கு வருகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை யாருக்குக் கொடுப்பது என்று கொழும்பும் புதுடில்லியும் பேசிக்கொண்டே இருந்ததும் நமக்கு மனப்பாடம். துறைமுகத்தின் கொல்லைப்புறத்தில் ஒரு வயல் ஊர் இருக்கிறது என்பது மட்டும் அந்தப் பக்கங்களில் அகப்படாது.

கொட்டியாரக்குடாவிலிருந்து உள்ளே வந்து, 2009இல் திறந்த 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்தின் கீழாக நுழைந்தால் தம்பலகாமக் குடா. ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பு. கரையில் கண்டல், அதற்கு அப்பால் உவர்த்தரை, அதையும் தாண்டினால் பச்சை. அங்கேயிருந்து தெற்கே கந்தளாய் வரைக்கும் வயல்தான். அந்த வயலின் கடைசித் துண்டுதான் இந்த வாரத்து ஊர், தம்பலகாமம். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து தெருவழியாகச் சுமார் 24 கிலோமீற்றர்.

தம்பலகாமத்துக்குப் போகிறேன் என்று பஸ் ஏறுகிறவர் எங்கே இறங்குவது என்று தடுமாறிப் போவார். ஒரு கடைத்தெருவைச் சுற்றிக் கட்டிய ஊரில்லை இது. வயல்வெளிக்கு நடுவே மேடு மேடாகத் திடல்கள்; திடலுக்கு ஒரு குடியிருப்பு. நாயன்மார்திடல், சிப்பித்திடல், முன்மாரித்திடல், குஞ்சடப்பன்திடல், கள்ளிமேடு, பட்டிமேடு, கோயில்குடியிருப்பு. நாலு தென்னை, ஒரு கிணறு, ஒரு வைரவர் சூலம், மாட்டுக்காலை, வீடுகள். அடுத்த திடலுக்கு வரம்பால் நடக்கலாம். மாரிவெள்ளம் ஏறினால் அந்த வரம்பும் மறைந்துவிடும். மண்ணைத் தொட்டு வாழ்ந்தவர்கள் நெல் விளையும் பள்ளத்தில் ஒரு முழத்தைக்கூட வீட்டுக்குக் கொடுக்கவில்லை என்பது இந்த அமைப்பைப் பார்த்தாலே தெரியும். இன்றைய வீட்டுத்திட்ட வரைபடம் போடுகிறவர்கள் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது.

பழைய நிருவாகத்தில் திருகோணமலை நாலு பற்றாக இருந்தது: திருகோணமலைப் பற்று, கட்டுக்குளப் பற்று, கொட்டியாரப் பற்று, தம்பலகாமப் பற்று. வன்னிமைகள் என்ற சிற்றரசர்கள் ஆண்ட காலத்துப் பிரிவு அது. ஒல்லாந்தர் வந்தபோதும் அதைக் குலைக்கவில்லை. திருகோணமலையில் ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாக இருந்த ஃபான் சென்டன் 1786இல் மே, ஜூன் மாதங்களில் இந்தப் பற்றுகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். தம்பலகாமத்துக்கும் வந்தார், கந்தளாய்க் குளத்தையும் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது நெல். கோட்டைக்குள் ஆட்களை வைத்திருந்தால் அவர்களுக்குச் சோறு வேண்டும். கடல்வழியாக அரிசி வராவிட்டால் பின்னாலிருக்கும் வயலைத்தான் பார்க்கவேண்டும். கப்பலில் வந்தவர்களுள் முகத்தைத் திருப்பி உள்நாட்டைப் பார்த்த சிலரில் அவர் ஒருவர்.

தம்பலகாமத்தின் பெயரைத் தூக்கி நிறுத்தியிருப்பது ஆதிகோணநாயகர் கோயில். 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பட்டினத்துச் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதே கல்லால் கோட்டையைக் கட்டினான். கோயிலிலிருந்த விக்கிரகங்களில் சிலவற்றைத் தொழும்பாளர் மண்ணில் புதைத்தார்கள், சிலவற்றை எடுத்துக்கொண்டு காட்டுவழியே நடந்தார்கள். கழனிமலையில் சிலகாலம் ஒளித்துவைத்துப் பூசை நடந்தது என்றும், பிறகு கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் தம்பலகாமத்தில் கோயில் எழுந்தது என்றும் ஊர் மரபு. மண்ணில் புதைத்தவை 1950இல் பட்டினத்தில் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. 1963இல் மலையில் கோயில் மறுபடி குடமுழுக்குக் கண்டது. இடைப்பட்ட 3 நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் கோணேசர் என்றால் தம்பலகாமத்துக் கோணேசர்தான். இன்றும் ஆனித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பட்டினத்து மலைக் கோயிலுக்குச் சுற்றுலாப் பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இங்கே உழவு இயந்திரத்தில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஏன் இந்த ஊருக்கு வந்தார்கள்? ஒளிக்க வேண்டுமென்றால் காடு போதும். சுவாமியை வைத்துப் பூசை நடத்த வேண்டுமென்றால் நெல் வேண்டும், எண்ணெய் வேண்டும், அவற்றைக் கொண்டுவந்து தரக் கடமைப்பட்ட குடிகள் வேண்டும். கவிராசவரோதயர் பாடியதாகச் சொல்லப்படும் கோணேசர் கல்வெட்டு முழுக்க முழுக்க அந்தக் கடமைக் கணக்குத்தான். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோயிலைக் கட்டுகிறான். பூசைக்கு நிலம் விடுகிறான். நிலத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று கந்தளாயில் குளம் கட்டுகிறான். மருங்கூரிலிருந்து தானத்தாரையும் காரைக்காலிலிருந்து வரிப்பத்தாரையும் கொண்டுவந்து குடியேற்றி, யார் எதைச் செய்வது என்று எழுதி வைக்கிறான். சண்டை வந்தால் தீர்க்கத் தனியுண்ணாப் பூபாலனை அழைத்து வருகிறான். பக்தி நூலென்று நினைத்துத் திறக்கிறவருக்கு இது ஒரு நீர்ப்பாசனத் திணைக்களத்துச் சுற்றுநிருபம் மாதிரித் தோன்றக்கூடும்.

குளத்தைக் கட்டியது யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. மகாவம்சம் இரண்டாம் அக்கபோதியைச் சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஊர் மரபு குளக்கோட்டனைச் சொல்கிறது. மேடைகளில் இதை வைத்து அடித்துக்கொள்கிறார்கள். மைல் கணக்கில் நீளும் அணையை ஒரு ராசா ஒரே மூச்சில் கட்டி முடித்திருக்க வேண்டும் என்று இரண்டு கட்சியும் நம்புவதுதான் வேடிக்கை. கல்லில் எழுதியிருப்பது இந்தச் சண்டையைவிடச் சுவையானது. கந்தளாய்க்கு அருகே பழமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு முதலாம் விசயபாகுவின் 42ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நங்கைசானி என்ற பிராமண விதவை, இறந்துபோன கணவனின் நினைவாகக் கந்தளாயிலிருந்த விசயராச ஈசுவரம் என்ற சிவன் கோயிலுக்குப் பொன் வைக்கிறாள். ஊருக்கு அப்போது விசயராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம். சிங்கள அரசனின் பெயரில் பிராமணர் ஊர், அதில் சிவன் கோயில், அதற்குத் தமிழ்ப் படை காவல். அணையைக் கட்டியது யாரென்று அடித்துக்கொள்கிறவர்கள் அந்தக் கல்லின் முன்னால் சற்று நேரம் நிற்கலாம்.

கோயிலும் குளமும் ஒரே கணக்கில் வருவது இந்தத் தீவில் மட்டும் இல்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் மலைச்சரிவுகளில் படிக்கட்டாக வெட்டிய வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைச் சுபாக் என்னும் உழவர் கூட்டங்கள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு மடைக்கும் ஒரு கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பத்தூர் ஏரிக்கோயில். 1970களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் வந்து, கோயில் நாட்காட்டியை ஒதுக்கிவிட்டு வருடம் முழுக்க விதையுங்கள் என்றார்கள். பூச்சி வெடித்துப் பரவியது. எந்தச் சரிவு எப்போது விதைக்கும், எப்போது தரிசு கிடக்கும் என்று கோயில் போட்ட முறைதான் பூச்சியையும் அடக்கிவைத்திருந்தது என்று ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் எழுதிக்காட்டினார். 2012இல் யுனெஸ்கோ அந்த முறையை உலக மரபுரிமையாக்கியது. கோணேசர் கல்வெட்டைக் கையில் வைத்திருந்த நாம் அதைப் பாடசாலையில் இலக்கிய வரலாறாக ஒரு வரியில் படித்து முடித்தோம்.

பாலிக்காரருக்கு இருந்த ஒரு வசதி தம்பலகாமத்துக்கு இல்லை. அங்கே மேல்மடையும் கீழ்மடையும் ஒரே கூட்டத்தில் உட்காரும். இங்கே குளம் ஒருவர் ஊரில், வயல் இன்னொருவர் ஊரில். வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டில் கந்தளாயைத் திருத்தினான். சுதந்திரத்துக்குப் பிறகு குளத்தைச் சுற்றிக் குடியேற்றத் திட்டம் வந்தது. 1960ஐ ஒட்டிச் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு சீனித் தொழிற்சாலை வந்தது. நெல்லுக்கு வந்த தண்ணீரில் கரும்பும் பங்கு கேட்டது. 1990களில் தொழிற்சாலை மூடிவிட்டது. பட்டினத்துக் குடிநீரும் கந்தளாயிலிருந்துதான் குழாயில் போகிறது. துறைமுகத்தில் நிற்கிறவர் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது தம்பலகாமத்து வாய்க்காலோடு அவருக்கு உறவு ஏற்பட்டுவிடுகிறது. அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

குளத்துக்கும் இப்போது தன் மழை மட்டும் கணக்கில்லை. 1976இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்தார்கள். மலையைக் குடைந்து வடக்கே திருப்பிய தண்ணீர் அம்பன் கங்கையில் இறங்கி, எலஹெரவில் வாய்க்காலேறி, மின்னேரியா வழியாகக் கந்தளாய்க்கு வந்து சேருகிறது. மலைநாட்டுத் தேயிலைக்காட்டு மழைதான் சிறுபோகத்தில் நாயன்மார்திடலின் வயலை நனைக்கிறது. அதே மகாவலியின் இன்னொரு கிளை கொட்டியாரப் பற்றில் வெருகலாய் ஓடுகிறது. 2006 ஜூலையில் அதன் மாவிலாற்று மதகை மூடியதில் தொடங்கியதுதான் கடைசிப் போர்.

ஆகவே தண்ணீர் பல கை மாறி, கடைசியில் இங்கே வருகிறது. குறைந்தால் முதலில் காய்வதும் கடைசி வயல்தான். கூடினால் முதலில் மூழ்குவதும் அதுதான். போகத்துக்கு முன்னால் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் எத்தனையாம் திகதி துருசு திறக்கும், எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அதிகாரிகள் அறிவிப்பார்கள். தேநீர்க்கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, தண்ணி எப்ப விடுறாங்களாம்?” வீரகேசரியை மடித்து வைத்துவிட்டு அதற்குத்தான் பதில் சொல்வார்கள்.

1986 ஏப்ரல் 20, விடிவதற்கு முன். கந்தளாய் அணை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீடுகள் போயின, வயல் மண்மூடிப் போனது. சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அணையில் கசிவு இருந்தது. அணைமேல் போன தெருவில் பாரமான வாகனங்கள் ஓடியதைப் பற்றியும் பேச்சு எழுந்தது. குளத்துக்குப் பொங்கி வேள்வி செய்யும் வழக்கத்தை விட்டதால் வந்த வினை என்று ஊரில் சொன்னவர்களும் உண்டு. சிரிப்பதற்கில்லை. வேள்வி என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழூர்க்காரர் அணைக்கட்டில் ஏறி நடந்து, அதை முழுக்கப் பார்த்துவிட்டு வருவார்கள். தம்பலகாமம் க. வேலாயுதம் அந்த மகாவேள்வியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர் வரலாற்றைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்த அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற வாரப் பத்திரிகைக்காரருக்கு எழுத ஒன்றும் இருந்திராது.

போரை நீட்டி எழுதப்போவதில்லை. தொண்ணூறில் திடல்கள் வெறிச்சோடின. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமத்துப் பாரதிபுரத்தில் பொலிஸாரும் ஊர்காவல் படையினரும் 8 தமிழரைக் கொன்றார்கள். அவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த போகத்துக்கு விதைத்தார்களா என்று கேட்டால், விதைத்தார்கள்.

வயலில் நின்று மிஞ்சிய தண்ணீர் தம்பலகாமக் குடாவில் போய் விழுகிறது. அந்தக் குடாவில் ஒரு காலத்தில் வேறொரு வேளாண்மை இருந்தது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஓடுள்ள தட்டைச் சிப்பி சேற்றில் விளையும். அதன் முத்து மன்னார் முத்துப்போல் நகைக்கு உதவாது. பொடியும் மங்கலுமான அந்த முத்துகளை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே செல்வர்கள் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு மென்றார்கள். முத்தை மென்று துப்பிய காலம்! அரசாங்கம் குடாவைக் குத்தகைக்கு விட்டது. கெலார்ட் என்ற மருத்துவர் 1850களில் இந்தச் சிப்பியை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் 1906இல் இதற்கென்றே தனி அறிக்கை எழுதினார். உவர்நீரில் விளையும் சிப்பிக்கு நன்னீர் அளவுமிஞ்சினால் ஆகாது. ஆகவே கந்தளாயில் மதகு திறக்கும் கை வயலுக்கு மட்டுமில்லை, குடாவில் விளைவதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இன்று குடாவில் மீனும் இறாலும் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம்கள். வயலிலிருந்து வடியும் தண்ணீரோடு கிருமிநாசினியும் வருகிறதே என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆரம்பக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை.

1927இல் போட்ட ரயில் பாதையில் தம்பலகாமத்துக்கு ஒரு நிலையம் உண்டு. நெடுஞ்சாலையில் இன்னும் மைல்கல் கணக்கில் 99ஆம் கட்டை என்றே ஊர்ப்பெயர் வழங்குகிறது. அந்தச் சாலையோரம் பாலம்போட்டாற்றில் பத்தினியம்மன் கோயில். பொங்கலுக்குத் தமிழரோடு கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவரும் வருகிறார்கள். அவர்களுக்கும் அவள் பத்தினித் தெய்யோதான். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் மழை கேட்டு ஒரே அம்மனிடம் நேர்ந்துகொள்கிறார்கள். பொங்கல் முடிந்து அடுத்த போகம் தொடங்கும்போது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்று அதே ஆட்கள் குரலை உயர்த்துவார்கள்.

அடுத்த வாரம் கிண்ணியா.

(தொடரும்)