பொதுத்தடத்தில் வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு யார் தருவது? வீட்டு பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

சேலம்:-

மழைக்காலம் வந்தால் போதும். சேலம் செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை, குகை சந்துகளிலும், நாமக்கல் மாவட்டம் ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து வீட்டு தடங்களிலும் பாசி பிடித்துவிடும். 2 வீடு, 4 வீட்டுக்கு ஒரே தடம் இருக்கும். பால்காரர், சிலிண்டர் போடுபவர், தறி வேலைக்கு போகும் பெண்கள், வயதானவர்கள் என எல்லோரும் அதில்தான் நடக்க வேண்டும்.

ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால், தனியார் ஆஸ்பத்திரியில் செலவு லட்சத்தில் போய் நிற்கும். அப்போதுதான் தகராறு ஆரம்பம். "உங்க தடத்துலதானே விழுந்தேன், நீங்க குடுங்க" என்பார் விழுந்தவர். "அது எல்லாருக்கும் பொதுங்க, நான் மட்டும் எதுக்கு குடுக்கணும்?" என்பார் வீட்டுக்காரர். இதில் யார் பேச்சு சட்டப்படி எடுபடும்?

தனிச்சட்டம் கிடையாது

இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-ம் ஆண்டு தனிச்சட்டம் போட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. கவனக்குறைவால் அடுத்தவருக்கு காயம் ஏற்படுத்தியவர் நஷ்டஈடு தர வேண்டும் என்ற பொதுவான கொள்கையை வைத்தே சிவில் கோர்ட்டுகள் முடிவு செய்கின்றன. வீட்டு வாசலில் விழுந்தார் என்பதற்காக மட்டும் வீட்டுக்காரர் பணம் தர வேண்டியதில்லை. ஆபத்து இருப்பது தெரிந்தும், சரிசெய்ய வேண்டிய பொறுப்பு இருந்தும், அவர் சும்மா இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

தடம் 3 வகை

பொறுப்பு யாருடையது என்பதை பத்திரம்தான் சொல்லும்.

முதல் வகை: நிலம் ஒருவருக்கு சொந்தம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நடக்க மட்டும் உரிமை. பத்திரத்தில் 'மாமூல் தடவழி பாத்தியம்' என்று எழுதியிருப்பார்கள். 1882-ம் ஆண்டு வசதியுரிமை சட்டப்படி, அந்த தடத்தை பயன்படுத்த தேவையான ரிப்பேர் செலவு, பாத்தியம் அனுபவிப்பவரையே சேரும். "நிலம் அவருது, அவரே சிமெண்ட் போடட்டும்" என்று சொல்ல முடியாது. அதற்காக நில உரிமையாளர் குழி தோண்டி மூடாமல் விட்டால், அதற்கு அவர்தான் பொறுப்பு.

2-வது வகை: அண்ணன், தம்பி பாகப்பிரிவினையில் பொதுவில் விட்ட தடம். இதில் எல்லோரும் கூட்டுச் சொந்தக்காரர்கள். பராமரிப்பும் எல்லோர் தலையிலும் விழும். ஆனால் ஒரு வீட்டுக்காரர் மட்டும் குளியலறை தண்ணீரை தடத்தில் விட்டு பாசி பிடிக்க வைத்தாலோ, ஜல்லி, மணலை கொட்டி வைத்தாலோ முதலில் மாட்டுவது அவர்தான்.

3-வது வகை: அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தான பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த ரோடு. பார்க்க சந்து மாதிரி இருந்தாலும் பராமரிப்பு மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் வேலை.

விழுந்தவர் மீதும் தப்பு இருந்தால்?

செல்போன் பேசிக்கொண்டே போய் விழுந்தாலோ, எச்சரிக்கை செய்த பிறகும் அதே வழியில் போனாலோ கோர்ட்டு அதையும் கணக்கில் எடுக்கும். அவரது தவறுக்கு ஏற்ப நஷ்டஈடு குறையும்.

சுவர், சன்ஷேடு விஷயம் வேறு. டெல்லி சாந்தினி சவுக்கில் 1950-ம் ஆண்டு மணிக்கூண்டு இடிந்து சிலர் பலியான வழக்கில் 1966-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. சாலையோர கட்டிடத்தின் உரிமையாளர், "கோளாறு வெளியே தெரியவில்லை" என்று சொல்லி தப்ப முடியாது என்பதே அதன் சாரம்.

போலீஸ் வழக்கும் வரலாம்

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் எலும்பு முறிவு 'கொடுங்காயம்'. பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கும் கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 125-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது

விழுந்தவர் அன்றைக்கே இடத்தை போட்டோ எடுக்க வேண்டும். மறுநாள் பாசியை தேய்த்துக் கழுவிவிட்டால் சாட்சி போய்விடும். அரசு ஆஸ்பத்திரிக்கு போனால் எப்படி அடிபட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, ஏ.ஆர். காப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். போலீசில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, பிறகு மருந்து பில், சம்பள இழப்புக்கு ஆதாரம் எல்லாம் முக்கியம். நஷ்டஈடு வழக்குக்கு பொதுவாக 3 ஆண்டு கெடு. உயிரிழப்பு என்றால் 2 ஆண்டுதான்.

வீட்டுக்காரர்கள் பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ப்பது, ஒரு பல்பு மாட்டுவது, தண்ணீருக்கு குழாய் பதிப்பது ஆகியவற்றை பங்கு போட்டு செய்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி கையெழுத்து வாங்கி வைத்தால் பின்னால் பிரச்சினை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மீது கேஸ் போட தயங்குபவர்கள் சேலம், நாமக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு. கட்டணமில்லா தொலைபேசி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொண்டால் கோர்ட்டு கட்டணம் கிடையாது. அந்த முடிவை எதிர்த்து அப்பீலும் கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது.