ஒரு மீட்டில் எத்தனை ஸ்வரம்?

கீர்த்தனையின் ஸ்வரக்குறிப்பைக் கணினியில் எழுதி ஒலிக்கவிட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: உயிரே இல்லை, மரத்தைத் தட்டினாற்போல் இருக்கிறது. உடனே நல்ல வீணை ஒலி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இசை மென்பொருள்கள் கையாளும் மிடி கோப்புக்குள் ஒலி கிடையாது. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள்தான் அதில் இருக்கின்றன. ஒலி தருவது அந்தக் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் கருவி. 1991இல் வகுத்த 128 வாத்தியங்களின் பொதுப் பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் எண் உண்டு. வீணைக்கும் நாகசுரத்துக்கும் கிடையாது. 2022 டிசம்பரில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4 வந்தபோது, அதனுடன் இலவசமாகக் கிடைத்த புதிய ஒலித்தொகுப்பு மேலைநாட்டு வாத்தியக் குழு இசையின் தரத்தை வெகுவாக உயர்த்தியது. நமக்கும் அப்படியொரு தொகுப்பு வந்துவிட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது போதாது என்பதற்குச் சான்று திருவாரூரிலேயே இருக்கிறது.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேய பேண்டு இசை மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அவை ஏறத்தாழ 40. அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டில் அமைந்தது. அதன் ஸ்வரங்களை அப்படியே எழுதி, மட்டமான வீணை ஒலியில் ஒலிக்கவிட்டாலும் பாட்டு பாட்டாகவே கேட்கும். அதே ஒலியில், அதே மென்பொருளில், அதே தீட்சிதர் திருவாரூர்க் கமலாம்பாள் மேல் தோடியில் பாடிய ‘கமலாம்பிகே’யை எழுதிப் பாருங்கள், ராகமே காணாமல் போய்விடும். மாறியது பாட்டு மட்டுமே. நோட்டுஸ்வரத்தில் ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் கமகம் இல்லை. தோடியோ கமகத்திலேயே வாழும் ராகம். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரம் என்று இலக்கணம் சொன்னாலும், வாசிப்பில் அது ரிஷபத்தை ஒட்டிய இடத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். கணினி அதை ஒரு கட்டையின் மேல் ஆணி அடித்து நிறுத்திவிடுகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் மணிக்கணக்கில் விரித்த தோடியில், அப்படி அசையாமல் நிற்கும் காந்தாரத்துக்கு ஏது இடம்?

சிக்கலின் வேர் மிடியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1983இல் வந்த அந்த முறை கட்டை வாத்தியத்தை மனத்தில் வைத்துச் செய்தது. அதன் கணக்கில் ஒரு ஸ்வரம் என்றால் ஒரு தட்டு. தஞ்சாவூர் வீணைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 24 மெட்டுகளில் ஒன்றில் விரலை வைத்து ஒருமுறை மீட்டிவிட்டு, கம்பியை இழுத்தும் விரலைச் சறுக்கியும் வைணிகர் மூன்று நான்கு ஸ்வரங்களை எடுத்துவிடுவார். மென்பொருளோ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் புதிதாக மீட்டுகிறது. காதுக்கு மரத்தைத் தட்டுவதுபோல் படுவது இதனால்தான். வழி மிடிக்குள்ளேயே உண்டு. சுருதியை வளைக்கும் கட்டளைக்கு 16,384 படிகள் இருக்கின்றன. வழக்கமான அமைப்பில் அது மேலும் கீழும் இரண்டிரண்டு அரைஸ்வரம்தான் நகரும். வீணையின் நீண்ட இழுப்புக்கு அது காணாது. அந்த எல்லையைப் பன்னிரண்டாக விரித்தாலும் ஒவ்வொரு அரைஸ்வரத்துக்கும் 680க்கு மேல் படிகள் மிஞ்சும். காதுக்கு அது தாராளம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தக் கட்டளை ஒரு சேனல் முழுவதையும் வளைத்துவிடும் என்பதால், தம்புராவையும் தாளக் கம்பிகளையும் வேறு சேனலில் வைக்க வேண்டும்.

வளைக்கலாம் சரி, எங்கே எப்படி வளைப்பது? அதற்கான விடை 1904இலேயே அச்சேறியது. எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கம்பிதம், நொக்கு, ஜாரு, ஒடுக்கல், ரவை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி இருக்கிறது. அவற்றுள் சில வைணிகரின் விரல் செய்யும் வேலையையே சொல்லும் குறிகள். ஒடுக்கல் என்பது கம்பியை இழுத்து, மெட்டுக்கு உரியதைவிட மேலான ஸ்வரத்தை எடுப்பது. நூற்றாண்டுக்கு முன் எழுதிய இந்தக் குறிகள் இன்றைய கணினிக்கு ஏறக்குறைய நேரடிக் கட்டளைகள். பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் அவற்றைக் கைவிட்டு வெறும் ஸரிகமவை மட்டும் அச்சிட்டன. நாம் அந்த எலும்புக்கூட்டைக் கணினியிடம் கொடுத்துவிட்டுச் சதை எங்கே என்று கேட்கிறோம். வீணைக் கலைஞர் எம்.சுப்ரமணியன் உருவாக்கிய ‘காயக’ மென்பொருள் இதை உணர்ந்து செய்யப்பட்டது. ஸரிகம எழுத்துகளுடன் கமகத்தையும் நுண்ஸ்வரங்களாக அதில் எழுதலாம். அதன் ஒலி எளிமையானதுதான். ஆனாலும் ராகம் முகம் காட்டுகிறது.

குறை கமகத்தில் இல்லை, கட்டையின் சம இடைவெளிச் சுருதியில்தான் என்று சிலர் வாதிடலாம். சுருதிக் கணக்கு தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தில் அதை விரிவாக ஆராய்ந்தார். இருந்தாலும், காந்தாரத்தை எவ்வளவு துல்லியமான இடத்தில் நிறுத்தினாலும் அது நிற்கும் காந்தாரம்தானே? இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கமகத்தை எழுதி வைத்தால் ஒரு பாணி கல்லில் பொறித்ததாகிவிடும், குருமுகமாக வருவதை இயந்திரம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அது. பாதி உண்மை. அதே காந்தாரம் முன்பின் வரும் ஸ்வரத்துக்கும் காலப்பிரமாணத்துக்கும் ஏற்ப மாறும். விதிப்படி தானாகச் சேர்க்கும் கமகம் எப்போதும் ஒரே மாதிரி ஒலித்து அலுக்கும். ஆனால் சுப்பராம தீட்சிதரும் ஒரு பாணியைத்தான் எழுதினார். மற்றப் பாணிகள் அதனால் அழியவில்லை, முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளின் பழைய வடிவம்தான் நமக்குக் கிடைத்தது. மேலும், குரு அருகில் இல்லாத ஊரில் வளரும் பிள்ளை கணினியைக் கேட்கத்தான் போகிறது. கமகமில்லாத தோடியைக் கேட்டுப் பழகுவதைவிட ஒரு பாணியின் கமகத்தையாவது கேட்பது மேல்.

நல்ல ஒலித்தொகுப்பு தேவையே. பதிவு செய்த ஒலியை அளவுக்கு மீறி வளைத்தால் குடத்தின் நாதமும் சேர்ந்து திரிந்துவிடும். ஆகவே வளைத்தாலும் கெடாத வீணை ஒலியை யாராவது செய்து தந்தால் அது பெரும் கொடை. ஆனால் அதற்காகப் பணம் கொடுக்கும் முன், கையில் இருக்கும் மென்பொருளில் ஒரு நோட்டுஸ்வரத்தையும் தோடியில் ஒரே ஒரு வரியையும் எழுதி அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு அந்த வரியை, மீட்டு எத்தனையோ அத்தனை தட்டுகளாகக் குறைத்து, இடையில் இழுப்பை எழுதி, மறுபடி கேளுங்கள்.