சொட்டு விழாத சோதனைச்சாலை

பட்டனைத் தட்டினால் கரைசல் நிறம் மாறுகிறது. ஆனால் கை பழகுமா?

திரையில் ஒரு பியூரெட். மவுஸைத் தட்டினால் பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றியதும் அளவைக் குறித்துக்கொள்ளலாம். கண்ணாடி உடையாது, சட்டையில் கறை படியாது, அடுத்த பேட்ச் வாசலில் காத்திருக்காது. பி.எஸ்சி. மாணவர் ஹாஸ்டல் அறையில் நள்ளிரவில்கூட இதைச் செய்யலாம்.

இந்த வசதிக்குப் பின்னால் இருப்பது மத்திய அரசு. 2009இல் தொடங்கிய, தகவல் தொழில்நுட்பம் வழியான தேசியக் கல்வி இயக்கத்தின் கீழ் உருவானது 'வர்ச்சுவல் லேப்ஸ்' திட்டம். தில்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்க, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.கள், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., சுரத்கல் என்.ஐ.டி., ஆக்ராவின் தயால்பாக் கல்வி நிறுவனம், அம்ருதா பல்கலைக்கழகம் போன்றவை சோதனைகளைத் தயாரித்தன. கட்டணம் கிடையாது.

தேவை இருக்கவே செய்கிறது. பல கல்லூரிகளில் ஒரு ஸ்பெக்ட்ராமீட்டரைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் டெலஸ்கோப்பைத் திருப்புவார், ஒருவர் வெர்னியரைப் படிப்பார், மற்ற இருவர் ரிக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது அந்த ஸ்பெக்ட்ராமீட்டரும் பூட்டிய அறைக்குள் போயிற்று.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தினர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மாணவர்களில் ஒரு பிரிவுக்கு நிஜமான பல்பு, ஒயர், மீட்டர். மறு பிரிவுக்குத் திரையில் மின்சுற்று. பிறகு இரு பிரிவினரும் நிஜச் சுற்று ஒன்றை அமைத்து விளக்க வேண்டும். 2005இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது: வேகமாக அமைத்தவர்களும் தெளிவாக விளக்கியவர்களும் திரையில் பயின்றவர்களே. ஒயருக்குள் எலெக்ட்ரான் ஓடுவது நிஜ ஒயரில் தெரியாது, திரையில் தெரிந்தது.

ஆனால் ஒயர் இணைப்பது வேறு, டைட்ரேஷன் வேறு. பியூரெட்டின் நுனியில் சிக்கிய காற்றுக் குமிழியை வெளியேற்றாவிட்டால் அளவு பிசகும். பெர்மாங்கனேட் அடர் நிறம் என்பதால் கரைசலின் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பைத்தான், கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, படிக்க வேண்டும். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்க மறந்தால் முதல் சொட்டின் நிறம் கலையாமல் நின்று ஏமாற்றும். அவசரப்பட்டுக் கொட்டினால் பழுப்பாகக் கலங்கிவிடும். இந்தத் தவறுகளைச் செய்துதான் கை பாடம் படிக்கிறது. திரையிலோ பெரும்பாலும் தவறு செய்யவே வழியில்லை.

அபாயம் தொழில்நுட்பத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ரசாயனம் வாங்கவும் லேப் உதவியாளரை நியமிக்கவும் மனமில்லாத நிர்வாகத்துக்கு, இலவசத் திரை நல்ல சாக்கு. விளைவைச் சுமக்கப்போவது மாணவர்தான். குஜராத்தின் வாப்பியிலோ ஹைதராபாத்திலோ மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேரும் பட்டதாரியிடம் முதல் நாள் நீட்டப்படுவது மவுஸ் அல்ல, பிப்பெட்.

வழி இல்லாமலில்லை. வர்ச்சுவல் லேப்ஸின் அமைப்பே அதைச் சொல்லித் தருகிறது: நோக்கம், கோட்பாடு, முன்தேர்வு, செய்முறை, பிறகு திரைச் சோதனை, கடைசியில் பின்தேர்வு. இத்தனையையும் மாணவர் முதல் நாள் இரவே முடித்துவிட்டு வந்தால், மறுநாள் லேபில் கிடைக்கும் சொற்ப நேரம் முழுவதும் கைக்கே மிஞ்சும். நாலு பேரில் வேடிக்கை பார்க்கும் இருவருக்கும் முறை வரும். திரை ஒத்திகையாக இருக்கட்டும். அரங்கேற்றம் மேஜையருகே நடக்க வேண்டும்.