உஷார்! பெட்ரோல் ஹோஸில் சைக்கிள் டியூபைச் சுற்றாதீர்கள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் கார், வேன் ஓட்டுகிறவர்களே, இன்றே பானெட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள். வெடித்துப்போன ஹோஸில் சைக்கிள் டியூபைச் சுற்றி, சொலூஷன் தடவி, கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தால், அந்த வண்டியை எடுக்காதீர்கள்!

எல்லா ரப்பரும் ஒன்றல்ல. பெட்ரோல் ஹோஸின் உட்புறம், பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் ஆனது. சைக்கிள் டியூப் பெட்ரோல் பட்டால் ஊறி உப்பிவிடும். சொலூஷன் பிடிப்பு விட்டுப்போகும். எம்-சீல் வைத்து அடைத்தாலும், அது இறுகியபின் வளையாது. இன்ஜின் அதிர்வில் விரிசல் விடும். இன்ஜெக்‌ஷன் கார்களில், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில் பெட்ரோல் பாய்கிறது. மயிரிழை விரிசல் போதும், சூடான இன்ஜின்மேல் பீய்ச்சி அடிக்க. மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பற்றக்கூடியது பெட்ரோல் ஆவி. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, தள்ளியிருக்கும் பொறியையும் எட்டிப் பிடிக்கும்.

பழைய வண்டிக்காரர்கள் கூடுதல் உஷார்! இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்களையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது.

தீபாவளி நெருங்கினால் இந்த வட்டாரச் சாலைகளில் டிக்கி நிறையப் பட்டாசோடு கார்களும், பண்டல் ஏற்றிய குட்டி யானைகளும் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஒரு வண்டி ஒழுகினால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5-ல் இதே வட்டாரத்தின் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்ல. தீயைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். இங்கே தீ, பற்ற வைத்தவனோடு நிற்பதில்லை.

வீட்டிலேயே கைவைக்கக் கூடாதவை இன்னும் இரண்டு:

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப்: இவற்றில் இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ படக் கூடாது. பட்டால் ரப்பர் உப்பும், பிரேக் பிடிக்காமல் போகும்.

ரேடியேட்டர் ஹோஸ்: ஒட்டுப்போட்ட இடம் பிய்ந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

வைப்பர் ரப்பர், கதவு பீடிங் ஆகியவற்றை நீங்களே மாற்றலாம். பெட்ரோல், பிரேக், ரேடியேட்டர் பாகங்களை ஒட்டாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். தண்ணீர் டியூபை வெட்டிப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள். உங்கள் வண்டிக்கான பெட்ரோல் ஹோஸைக் கேட்டு வாங்கி, புது கிளிப்போடு மெக்கானிக்கிடம் மாட்டச் சொல்லுங்கள்.

ஓடும் வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? ஓரம்கட்டுங்கள். இன்ஜினை அணையுங்கள். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ எழும்பும். உடனே 101-ஐ அழையுங்கள், வண்டியில் பட்டாசு இருந்தால் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

ஒட்டுப்போட்ட ஹோஸை மாற்றும்வரை, அந்த வண்டியில் ஒரு பட்டாசுப் பெட்டியும் ஏறக் கூடாது. ஒரு குழந்தையும் ஏறக் கூடாது.