மதிப்பெண் குறையும்போது மனதையும் பாருங்கள்





பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் வயிற்றுவலி, தலைவலி என்று வாலிபப் பிள்ளைகள் பலர் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுகிறார்கள். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. வலி மட்டும் போகவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் எங்களிடம் சொன்னார்: "எட்டாவது வரைக்கும் நல்லாப் படிச்ச பையன் ஐயா. இப்போ புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான். எல்லாம் சோம்பேறித்தனம். நீங்கதான் ஜெபம் பண்ணி புத்தி சொல்லணும்."

நாங்கள் அவன் அருகில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தோம். வெகுநேரம் கழித்து, "ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை வாசிக்கிறேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை" என்றான். இரவில் தூக்கமில்லை. பந்து விளையாடப் போவதையும் விட்டுவிட்டான். அவனுக்கு இருந்தது சோம்பலல்ல. மனச்சோர்வு என்னும் நோய்.

இந்த நோய் பெரியவர்களிடம் துக்கமாகத் தெரியும். பிள்ளைகளிடமோ பல நேரங்களில் எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியும். ஆகவே வீட்டார் அதைத் திமிர் என்று எண்ணிவிடுகிறார்கள். நோய் முதலில் தாக்குவது தூக்கத்தையும், கவனத்தையும், நினைவையும், ஆர்வத்தையும். படிப்புக்கு வேண்டியவையும் இவைதானே! பாடம் பின்தங்குகிறது, வெட்கத்தினால் பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறது, போகாததால் இன்னும் பின்தங்குகிறது, அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது.

அப்படியானால் இப்பிள்ளைகளின் படிப்பு என்னவாகும்? நியூசிலாந்து தேசத்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 1977-ஆம் ஆண்டு பிறந்த 1,265 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 14 முதல் 16 வயதுக்குள் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள், 21 வயதில் மற்றவர்களைவிடப் படிப்பிலும் வேலையிலும் பின்தங்கியிருந்ததாக டேவிட் ஃபெர்குசனும் லியான் வுட்வர்டும் 2002-இல் எழுதினார்கள்.

ஆனால் அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. குடும்பச் சூழ்நிலை, வறுமை, பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்த மற்றத் தொல்லைகள் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது படிப்பில் ஏற்பட்ட பின்னடைவுக்கு மனச்சோர்வு மட்டுமே காரணமல்ல, அதனோடு சேர்ந்து வந்த இச்சுமைகளே பெரிதும் காரணம் என்று தெரிந்தது. மறுபடியும் மனச்சோர்வும் பதற்றநோயும் வரும் ஆபத்து மட்டும் அப்படியே நீடித்தது.

கனடாவின் மான்ட்ரியால் பகுதிப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னொரு உண்மையையும் காட்டியது. அண்மைய 3 மாதங்களில் கடும் மனச்சோர்வில் இருந்த பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. முன்பு எப்போதோ சோர்ந்திருந்து அதிலிருந்து மீண்டவர்களிடமோ அந்த ஆபத்து கூடுதலாகக் காணப்படவில்லை.

இதில் நமக்குப் பெரிய ஆறுதலும் எச்சரிப்பும் உண்டு. மனச்சோர்வு வந்ததனாலேயே பிள்ளையின் படிப்பு முடிந்துவிடுவதில்லை. ஆனால் சோர்வு உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மாதங்களில் யாரும் கவனியாவிட்டால், பள்ளியை விட்டு நிற்கும் முடிவு அப்போதுதான் எடுக்கப்படுகிறது. ஆகவே உதவி அந்த நேரத்திலேயே கிடைக்கவேண்டும். பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டின் சுமைக்கும் கிடைக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? தூக்கம், பசி, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றில் மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். லேசான நிலையில் ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். கடுமையானால் மருந்தும் தேவைப்படும். சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அன்பாகக் கேட்கப் பயப்படாதிருங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. பிள்ளையின் பாரம்தான் இறங்குகிறது. வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ஒரு பாடம் தவறினால் துணைத்தேர்வு இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

விசுவாசக் குறைவினால்தான் இப்படி என்று சொல்லி பிள்ளையின் பாரத்தைக் கூட்டவேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை விரும்பியபோது, தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தார். வேலையைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது.

அந்த மாணவன் சிகிச்சையைத் தொடர்ந்தான். அவ்வருடம் கணக்கில் தவறினான். அவனுடைய தகப்பனார் திட்டவில்லை. துணைத்தேர்வு மையத்துக்குத் தாமே சைக்கிளில் அழைத்துச் சென்று, முடியும்வரை வாசலில் காத்திருந்தார். அவன் தேறினான், இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் நாங்கள் அறிவோம்.

உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ, ஞாயிறு பள்ளியிலோ, திடீரென்று படிப்பில் சரிந்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள்.