நகர மன்றம் கூலி விதிக்கலாமா?

சம்பளத்திற்கு மேற்பட்டு, ஒரு காரணம் பற்றித் தரப்படும் தொகையைப் 'படி' என்று வழங்குகிறோம். பஞ்சப்படியும் பயணப்படியும் ஆசிரியப் பெருமக்கள் அறியாதன அல்ல. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேறொரு படி பேசப்பட்டது. உயிருக்கு இடர் உள்ள இடத்தில் நின்று வேலை செய்வதற்காகத் தருவது அது, 'இடர்ப்படி' எனலாம். அதனைக் கட்டாயமாக்க ஒரு நகர மன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே ஈண்டு ஆராயும் பொருள்.

2020 மார்ச்சில் அலுவலகங்கள் பல அடைபட்டன. மளிகைப் பேரங்காடிகள் அடைபடவில்லை. காசாளரும் பொருள் அடுக்குவோரும் நாள்தோறும் எண்ணற்றவர்களுக்கு எதிரே நின்றனர். குரோகர் என்னும் பெருநிறுவனம் தானாகவே மணிக்கு 2 வெள்ளி கூட்டிக் கொடுத்து, 'வீரர் ஊக்கத்தொகை' என்று அதற்குப் பெயருமிட்டது. மே மாத நடுவில் அது நின்றது. நோய் நிற்கவில்லை.

2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகர மன்றம் சட்டம் இயற்றியது. நாடு முழுவதிலும் 300-க்கு மேற்பட்ட தொழிலாளரையும், ஒரு கடையில் 15-க்கு மேற்பட்டோரையும் உடைய மளிகை நிறுவனங்கள் 120 நாட்களுக்கு மணிக்கு 4 வெள்ளி கூடுதலாகத் தரவேண்டும். அதை ஈடுகட்ட வேறு ஊதியத்தைக் குறைத்தலும் ஆகாது. வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரமும் அதே மாதம் 4 வெள்ளி விதித்தது. வணிகர் சங்கங்கள் கூட்டரசு நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தன.

அவர்களுடைய முதல் வாதம் வலியது. 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம், கூலியை முதலாளியும் தொழிற்சங்கமும் பேசி முடிவு செய்யும் முறையை நிறுவியது. இருவர் மற்போர் புரியும் களத்தில் அரசு புகுந்து ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளலாகாது. விஸ்கான்சின் மாநிலத்தில் பேச்சுவார்த்தை நடக்கையில் மிகைநேர வேலை செய்ய மறுத்த தொழிலாளரை மாநில அரசு தடுக்க முற்பட்டபோது, உச்ச நீதிமன்றம் 1976-இல் இந்நெறியையே கூறியது. சங்கம் பேசிப் பெறமுடியாத 4 வெள்ளியை நகர மன்றம் எடுத்துக் கொடுப்பது அத்தகைய தலையீடே என்றனர் வணிகர்.

நகரங்களின் மறுமொழி யாது? போரில் தலையிடுவது வேறு, களத்தின் தரையை அமைப்பது வேறு. சங்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேற்றுமையின்றி எல்லார்க்கும் பொதுவான குறைந்த அளவு ஒன்றை அரசு விதிப்பது பேச்சுவார்த்தை முறையைக் கெடுப்பதன்று என 1985-இலும் 1987-இலும் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. அதற்கும் முன்னே, 1937-இல், சியாட்டில் அமைந்த அதே வாஷிங்டன் மாநிலத்தில் தங்குவிடுதிப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்பது உறுதியாயிற்று.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. குறைந்தபட்சக் கூலி அதற்குக் கீழே இருப்பவரை மட்டுமே உயர்த்தும். இடர்ப்படியோ 15 வெள்ளி பெறுபவரையும் 25 வெள்ளி பெறுபவரையும் ஒருங்கே உயர்த்துகிறது. இதைத் தரை என்பதா, ஏணி என்பதா? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாதென்றே எண்ணுகிறேன். நீதிபதிகள் கொண்ட முடிவு வேறு: சட்டம் கூலியின் அளவைத் தொடுகிறதேயன்றிப் பேரம் பேசும் முறையைத் தொடவில்லை.

மளிகைக்கடைக்கு மட்டும் ஏன், மருந்துக்கடைக்கு ஏன் இல்லை என்ற சமத்துவ வாதம் நிற்கவில்லை. பொருளியல் சட்டத்தில் நீதிமன்றம் நியாயமானதொரு காரணம் உண்டா என்று மட்டுமே பார்க்கும். ஓர் இடரைப் பகுதி பகுதியாகத் தீர்க்க மன்றத்துக்கு உரிமையுண்டு. முன்னரே செய்த கூட்டு ஒப்பந்தங்களைச் சட்டம் குலைக்கிறது என்ற வாதமும் அவ்வாறே போயிற்று. லாங் பீச் சட்டத்துக்குத் தடை உத்தரவு தர 2021 பிப்ரவரியில் நீதிபதி மறுத்தார். சியாட்டில் வழக்கு மார்ச்சில் தள்ளுபடியாயிற்று.

இத்தீர்ப்புகளைக் கொண்டு எந்நகரமும் கூலி விதிக்கலாம் என்று கருதுதல் தவறு. நகரத்தின் அதிகாரம் மாநிலம் விட்டுவைத்த அளவே. அலபாமாவின் பர்மிங்காம் நகரம் 2016-இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியவுடன், நகரங்கள் அவ்வாறு செய்யலாகாதென மாநிலச் சட்டமன்றம் விரைந்து சட்டம் செய்து அதனை வீழ்த்தியது.

இனி, சட்டம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. கூலி இவ்வளவு கொடு என்று மன்றம் முதலாளிக்குக் கட்டளையிட்டது. கடையைத் திறந்து வை என்று அது கட்டளையிடவில்லை. குரோகர் நிறுவனம் லாங் பீச்சிலுள்ள தன் கடைகளுள் இரண்டை மூடப்போவதாக பிப்ரவரித் தொடக்கத்திலேயே அறிவித்தது. நெடுநாளாகவே நலிந்திருந்தவை அவை, கூடுதல் கூலி சுமையை ஏற்றிவிட்டது என்பது நிறுவனம் சொன்ன காரணம். மூடுவதற்கு இது சாக்கு என்றனர் மறுதரப்பினர். எது மெய்யாயினும், தடை உத்தரவு மறுக்கப்பட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், ஏப்ரலில், அவ்விரு கடைகளும் அடைக்கப்பட்டன.