பெரிய வேர்

ஜப்பானிய உணவைப் பற்றி எந்த மொழியில் எழுதப்பட்ட புத்தகத்தைப் புரட்டினாலும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே எதிர்ப்படுகிற 'டைகொன்' என்னும் சொல், நாம் சாம்பாரில் இடுகிற வெள்ளை முள்ளங்கியின் இனத்தைச் சேர்ந்த, நீண்டு பருத்த ஒரு காயையே குறிக்கிறது. 'டை' என்பது பெரியது. 'கொன்' என்பது வேர். வடமொழியாளரும் மூலம் என்ற சொல்லிலிருந்தே முள்ளங்கிக்கு மூலகம் என்று பெயரிட்டார்கள் என்பதை நினைக்கையில், கடல்கள் இடையிட்ட இரு ஜனசமூகங்கள் மண்ணிலிருந்து பிடுங்கிய ஒரே காயைக் கையில் ஏந்தி ஒரே எண்ணம் எண்ணியிருக்கின்றனவே என்ற ஆனந்தம் எனக்கு உண்டாகிறது.

ஆனால் டைகொன் என்பது ஆதிப் பெயரன்று. ஜப்பானியர் தம் சொந்த மொழியில் அதை 'ஓனே' என்றார்கள், பொருள் அதுவே. அதை எழுதுவதற்குச் சீனத்திலிருந்து இரவல் பெற்ற இரண்டு எழுத்துக்களைப் பிற்காலத்தார் சீன ஒலியை ஒட்டியே வாசிக்கத் தலைப்பட்டதால், பழைய ஓசை மறைந்து புதியது நிலைத்தது. கி.பி. 712-இல் தொகுக்கப்பெற்ற 'கொஜிகி'யில், நிந்தொகு சக்கரவர்த்தியின் வாக்காக வரும் பாட்டில், தேவியின் வெண்கரங்களுக்கு இந்த வேரே உவமானம். இன்றோ 'டைகொன் கால்' என்பது பெண்களின் தடித்த கால்களை ஏளனம் செய்யும் சொல். 'டைகொன் நடிகர்' என்றால் நடிக்கத் தெரியாதவர். உண்டது ஒவ்வாமற்போவதற்கும் நாடகம் வெற்றி பெறுவதற்கும் அம்மொழியில் ஒரே வினைச்சொல் வழங்குவதால், யாருக்கும் ஒவ்வாமற்போகாத இந்தக் காய், ஒருநாளும் வெற்றி காணாத நடிகருக்குச் சிலேடையாயிற்று என்று ஒரு விளக்கம் உண்டு. நற்குணமே அவப்பெயருக்குக் காரணமானது அநியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது.

சமையலில் அதற்குள்ள கௌரவம் குறையவில்லை. இலைப்பக்கம் தித்திப்பு, நுனிப்பக்கம் காரம் என்பதை அறிந்த இல்லத்தரசி, காரத்தை வேண்டினால் நுனியைத் துருவி, லேசாகப் பிழிந்து, சுட்ட மீனின் அருகே வெண்குவியலாக வைக்கிறாள். மேற்பாகத்தையோ இரண்டு விரற்கனத்துக்கு வட்டமாக நறுக்கி, ஓரம் சீவி, அரிசி களைந்த நீரில் மெல்ல வேகவைக்கிறாள்.

டோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் மாட்சுச்சியாமா ஷோதென் என்றொரு ஆலயம் இருக்கிறது. அங்கே வழிபடப்படும் கங்கிதென், பௌத்தத்தோடு சீனத்தின் வழியே அந்நாட்டை அடைந்த நம் விநாயகரேயாவார். பக்தர்கள் அவருக்கு நிவேதனமாகக் கொண்டுவருவது டைகொன். ஜனவரி 7-ஆம் தேதி உற்சவத்தில், நிவேதித்த முள்ளங்கிகளை அவ்வாறே வேகவைத்து, ஆவி பறக்கும் வட்டங்களாக, குளிரில் வந்து நிற்போருக்குப் பிரசாதமாக வழங்குகிறார்கள்.